ஓடப்பாளையத்துச் சத்தம்

காவிரிக்கு இக்கரையில், ஈரோட்டுக்கு எதிரே இருக்கும் ஓடப்பாளையத்தில் ஐம்பது வருடமாக யாரும் யாரிடமும் மெதுவாகப் பேசியதில்லை, ஏனென்றால் அந்த ஊரில் வீட்டுக்கு நாலு, ஆறு என்று எட்டாயிரம் விசைத்தறிகள் இருந்தன, அவை பகலிலும் ஓடின, ராத்திரியிலும் ஓடின, கல்யாணத்துக்கும் ஓடின, சாவுக்கும் ஓடின. பெண் பார்க்க வந்தவர்கள் சம்மதம் என்பதைக் கத்திச் சொன்னார்கள், செத்தவர் வீட்டில் தறியை மிஞ்சி அழத் தெரிந்தவர்கள்தான் அழுதார்கள். அந்தச் சத்தத்தில் பிறந்து, அதிலேயே தவழ்ந்து, சாயம் வந்த காலி பிளாஸ்டிக் பீப்பாய்களைக் கவிழ்த்துப் போட்டுக் குச்சியால் தட்டிப் பழகியவள் சுகந்தி. அப்பா சின்னுசாமிக்கு ஆறு தறி. ஈரோட்டில் பி.காம். படிக்கப் போனவள், கல்லூரி இசைக்குழு கலைந்தபோது அவர்களுடைய பழைய டிரம்ஸ் செட்டை மினி வேனில் ஏற்றிக்கொண்டு திரும்பி வந்தாள். இருபத்தாறு வயதில் பகலெல்லாம் தறி பார்ப்பதும் சாயங்காலம் டிரம்ஸ் அடிப்பதுமாக இருந்த அவளை ஊர் விநோதமாகப் பார்க்கவில்லை. எட்டாயிரம் தறிக்கு நடுவில் இன்னொரு சத்தம் யாருக்குத் தெரியப்போகிறது?

அவளோடு இன்னும் இரண்டு பேர். மகுடபதி பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன், கிடார் வாசிப்பான், பாடுவான். பிள்ளைகளை அதட்டி அதட்டித் தொண்டை உடைந்து, அந்த உடைசலே ஹார்ட் ராக்குக்குத் தோதாக அமைந்துவிட்டது. இலியாஸ் பேருந்து நிறுத்தத்தில் செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தான். பேஸ் கிடார் அவனுடையது, பாட்டைப் பதிவு செய்கிற கம்ப்யூட்டரும் அவனுடையது. குழுவுக்கு ஊடை என்று பெயர். துணியில் நீளவாக்கில் கிடப்பது பாவு, குறுக்கே ஓடுவது ஊடை, குறுக்கே ஓடுவதுதான் நம்ம வேலை என்று மகுடபதி வைத்த பெயர் அது. அவர்கள் செய்ய நினைத்த ஆல்பத்துக்கு நாடா என்று பெயர் வைத்தார்கள். ஊடை நூலைச் சுமந்துகொண்டு நிமிஷத்துக்கு நூற்றிருபது தடவை இடமும் வலமும் பாய்கிற மரக்கட்டைதான் நாடா.

சத்தத்தைப் பற்றி ஆல்பம் செய்ய நினைத்தவர்களுக்கு அந்தச் சத்தமே எதிரியாக இருந்தது. மைக்கைத் திறந்தால் தறிதான் பாடியது. மெத்தையை ஜன்னலில் கட்டினார்கள், சாக்கைத் தொங்கவிட்டார்கள், பலனில்லை. கடைசியில் மாதத்துக்கு ஒருநாள் பராமரிப்புக்காகக் காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை கரண்ட் நிற்கும் அந்த ஒரு நாளை எடுத்துக்கொண்டார்கள். இலியாஸ் கடையிலிருந்து இன்வெர்ட்டர் பேட்டரிகளைக் கொண்டுவந்து, சின்னுசாமியின் தறிப்பட்டறையில், நின்ற தறிகளுக்கு நடுவே டிரம்ஸைப் போட்டு, இரண்டு மாதத்தில் இரண்டு நாளில் ஏழு பாட்டு எடுத்தார்கள். எடுத்ததைப் போட்டுக் கேட்டால் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. பக்கத்து வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு யாரோ வாசிப்பது போலிருந்தது. மகுடபதிக்கு அடுத்த மாதம் முப்பத்திரண்டு முடிகிறது. இது சரியாக வரவில்லையென்றால் கிடாரை விற்றுவிட்டு வேனோடு இருந்துவிடுவேன் என்று அவன் சொன்னபோது, விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று சுகந்திக்குத் தெரிந்தது. 

மூன்றாம் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, எட்டாவது பாட்டை எடுத்துக்கொண்டிருந்தபோது, மூன்று பத்துக்கு, சொன்ன நேரத்துக்கு முன்பே கரண்ட் வந்துவிட்டது. அணைக்காமல் விட்டிருந்த தறிகள், அதாவது ஊரிலுள்ள அத்தனை தறிகளும், ஒரே வீச்சில் ஓட ஆரம்பித்தன. அவர்களைச் சுற்றியிருந்த ஆறும் ஓடின. சத்தம் சுவரைப் போல வந்து மோதியது. நிறுத்த வேண்டும் என்று இலியாஸ் தலையை ஆட்டினான், ஆனால் சுகந்தி நிறுத்தவில்லை. பயத்தில் நிறுத்தவில்லையா, ஆசையில் நிறுத்தவில்லையா என்று பிற்பாடு எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்தாள். தறியின் அடிக்கு மேல் அடி, அதற்கு மேல் அடி என்று கை வலிக்க அடித்து, மகுடபதி கத்தி, இலியாஸும் விட்டுக்கொடுத்துச் சேர்ந்துகொண்டு, பாட்டை முழுசாக முடித்து, கடைசி அடியில் டிரம்ஸின் பித்தளைத் தட்டைக் கையால் பிடித்து அடக்கியபோது, பட்டறையில் சத்தமே இல்லை.

மறுபடி கரண்ட் போய்விட்டது என்று நினைத்தார்கள். ஆனால் குழல்விளக்கு எரிந்தது. தறிகள் ஓடின. நாடா இடமும் வலமும் பாய்ந்தது, துணி விரல் விரலாக வளர்ந்தது, சத்தம் மட்டும் இல்லை.

வெளியே வந்தால் தெருவெல்லாம் ஜனம். காது போய்விட்டது என்று நினைத்து எல்லாரும் வாசலுக்கு வந்திருந்தார்கள். ஒருவரை ஒருவர் கைதட்டிச் சோதித்தார்கள், கைதட்டுவது கேட்டது. முனிசிபாலிட்டி குழாயில் தண்ணீர் சொட்டுவது கேட்டது. டீக்கடையில் மாஸ்டர் ஆற்றிய டீ ஒரு டம்ளரிலிருந்து இன்னொன்றுக்கு விழுவதை நாற்பது பேர் நின்று கேட்டார்கள். காது சரியாகத்தான் இருக்கிறது, தறிக்குத்தான் சத்தம் போய்விட்டது என்று சாயங்காலத்துக்குள் முடிவாயிற்று. அம்மனுக்குப் பண்டிகை தள்ளிப்போட்டதால் வந்தது என்றார் ஒருவர், மின்சாரத்தில் கலப்படம் என்றார் இன்னொருவர். அதற்கு மேல் காரணத்தை யாரும் தோண்டவில்லை, ஏனென்றால் மறுநாள் காலை ஆறு மணிக்கு ஷிப்ட் இருந்தது.

முதல் ஒரு வாரம் எல்லாரும் பழக்கத்தில் கத்திக்கொண்டுதான் இருந்தார்கள். பிறகு வெட்கப்பட்டுக் குரலை இறக்கினார்கள். இறக்கிய பிறகுதான் தெரிந்தது, ஒருவர் குரலை மற்றவர் அதுவரை கேட்டதே இல்லை என்று. கல்யாணமாகி இருபத்திரண்டு வருடமான ஒருவர், சளி பிடித்திருக்கிறதா என்று பெண்டாட்டியைக் கேட்டார். அவள் இதுதான் என் குரல் என்றாள். சுவருக்கு இந்தப் பக்கம் பேசியது அந்தப் பக்கம் கேட்டது. யார் வீட்டில் யார் யாரை என்ன சொன்னார்கள் என்பதெல்லாம் பத்தே நாளில் வெளியே வந்து, மூன்று குடும்பம் பேச்சை நிறுத்திக்கொண்டது, இரண்டு குடும்பம் புதிதாகப் பேச ஆரம்பித்தது. சண்டை போட வேண்டியவர்கள் வண்டி எடுத்துக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போய் வந்தார்கள். கைக்குழந்தைகள் தூங்கவில்லை. பிறந்ததிலிருந்து தறியைக் கேட்டே தூங்கிய பிள்ளைகள் தொட்டிலில் கண்ணை விழித்துக்கொண்டு கிடந்து அழுதன, தாய்மார் கண்ணெல்லாம் வீங்கித் திரிந்தார்கள்.

தறி பார்ப்பவர்களுக்குத்தான் பெரிய கஷ்டம். நூல் அறுந்தால் கண்ணுக்கு முன்னால் காதுக்குத் தெரியும், ஆறு தறி ஓடும்போதும் எதில் அறுந்தது என்று முதுகைத் திருப்பிக்கொண்டே சொல்லிவிடுவார்கள். இப்போது துணி பாழாகி, கட்டு கட்டாகத் திரும்பி வந்தது. சலங்கை கட்டிப் பார்த்தார்கள். தறி நின்றிருக்கும்போது தட்டினால் ஒலித்த சலங்கை, தறி ஓட ஆரம்பித்ததும் தானும் ஊமையாயிற்று. பிறகு ஒவ்வொரு தறியிலும் சிவப்பு ரிப்பன் கட்டினார்கள், ஆடினால் ஓடுகிறது, தொங்கினால் நிற்கிறது என்று கணக்கு. செருப்பைக் கழற்றிவிட்டுத் தரை அதிர்வதைக் காலால் பார்த்தார்கள், சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்கள். தறி முதலாளிகள் கல்யாண மண்டபத்தில் கூடி, வெளியூருக்கு இது தெரியக்கூடாது, தெரிந்தால் நூல் கொடுப்பவர்கள் வேறு ஊருக்குப் போய்விடுவார்கள் என்று தீர்மானம் போட்டார்கள். ஊர் மொத்தமும் வாயை மூடிக்கொண்டது.

ஒன்பதாம் நாள் இலியாஸ் கடைக்கு வரச் சொல்லி மற்ற இருவருக்கும் போன் செய்தான். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, சுகந்தியின் காதில் ஹெட்போனை மாட்டினான். எட்டாவது பாட்டு. மகுடபதியின் உடைந்த குரலுக்குக் கீழே, அவள் டிரம்ஸுக்கு அடியில், பூமியே புரள்வது போல ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. முதலில் மொத்தமாகக் கேட்டது, பிறகு பிரிந்து பிரிந்து கேட்டது. அப்பாவின் மூன்றாம் தறி, நாலு அடிக்கு ஒருதரம் அரை நொடி நொண்டும் அந்தத் தறி, அதிலே இருந்தது. அவள் ஹெட்போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டாள். மற்ற ஏழு பாட்டையும் போட்டுக் காட்டினான் இலியாஸ். ஈரம் சுவரில் ஏறுவது போல அந்தச் சத்தம் அவற்றிலும் ஏறியிருந்தது. பக்கத்து வீட்டில் வாசித்தது போலிருந்த பாட்டுகள் இப்போது நெஞ்சைப் பிடித்து உலுக்கின.

"ஊர்ச் சத்தம் முழுக்க இதுக்குள்ளதான் இருக்கு" என்றான் இலியாஸ்.

மகுடபதி எட்டாவது பாட்டை மறுபடி போடச் சொல்லிக் கேட்டான். பிறகு, நாம் ஒன்றும் திருடவில்லை, தானாக வந்தது, தானாகப் போகும், போவதற்குள் இதை வெளியிட்டுவிடலாம் என்றான். இப்படி ஒரு ஆல்பம் நம் வாழ்க்கையில் இனி வராது என்றும் சொன்னான், அது உண்மை என்று மூன்று பேருக்கும் தெரிந்தது. சுகந்தி சரி என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் நாடா இணையத்தில் ஏறியது.

முதலில் கேட்டது ஓடப்பாளையம்தான். மூன்றாம் தெருவில் ஒருத்தி, அழுகிற பிள்ளைக்குப் பக்கத்தில் போனை வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். அதில் மகுடபதியின் பாட்டு ஓடியிருக்கிறது. நாலே நிமிஷத்தில் பிள்ளை தூங்கிவிட்டது. அன்று சாயங்காலத்துக்குள் ஊரில் எத்தனை தொட்டில் உண்டோ அத்தனை தொட்டிலுக்குக் கீழேயும் நாடா ஓடியது. பெரியவர்கள் தொட்டிலுக்குப் பக்கத்தில் குனிந்து கேட்டார்கள், கேட்டுவிட்டு நிமிர்ந்தவர்கள் முகம் வேறு மாதிரி இருந்தது. எங்க தறி இரண்டாவது பாட்டுல கேக்குது என்றார் ஒருவர். உங்களது இல்லை, அது எங்களது, பெல்ட் தளர்ந்த சத்தம் எனக்குத் தெரியாதா என்றார் பக்கத்து வீட்டுக்காரர். பட்டறைகளில் வேலை நேரம் முழுக்கப் போட்டுக்கொண்டார்கள், அறுந்த நூலை அது காட்டிக்கொடுக்கவில்லை என்றாலும் மனசுக்குத் தெம்பாக இருந்தது. ஒரே ஊரிலிருந்து இருபத்துநாலு மணி நேரமும் இத்தனை ஆயிரம் பேர் ஒரே ஆல்பத்தைக் கேட்டதில், அது தானாகப் பட்டியலில் மேலே ஏறி, பெங்களூர் கல்லூரி விடுதிகளுக்குப் போய், ஷில்லாங்குக்குப் போய், கடல் தாண்டி பிரேசிலுக்கும் பின்லாந்துக்கும் போயிற்று. அங்கே தலையை ஆட்டிக்கொண்டு கேட்டவர்கள், இந்தச் சத்தத்தை எந்தக் கருவியில் செய்தார்கள் என்று பக்கம் பக்கமாக எழுதி விவாதித்தார்கள். நாற்பத்தைந்தாம் நாள், சென்னையிலிருந்து நிவேதன் என்பவர் பேசினார். பாட்டுக் கம்பெனிக்காரர், தழைந்த குரல். ஒப்பந்தம் போட்டார்கள். பெங்களூரில் பெரிய மைதானத்தில் ஒரு நிகழ்ச்சிக்கு நாள் குறித்தார்கள்.

சுகந்தி ஊர் திரண்டு வந்து தன்னைக் கேட்கும் என்று ஒவ்வொரு நாளும் காத்திருந்தாள். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டாலே உள்ளறைக்குப் போய் நின்றாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நிஜமாகவே முப்பது நாற்பது பேர் வந்து நின்றார்கள். அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர்கள் கையில் லட்டு டப்பா இருந்தது. சத்தம் போவதற்கு முன்னால் எப்படியோ பிடித்து வைத்துவிட்டாய், நீ பிடிக்காவிட்டால் எங்கள் பிள்ளைகளுக்குத் தறிச்சத்தம் என்றால் என்னவென்றே தெரியாமல் போயிருக்கும் என்று சொல்லிச் சால்வை போர்த்தினார்கள். நாற்சந்தியில் மூன்று பேர் படத்தையும் போட்டு, எங்கள் ஊர் ஓசையைக் காத்த செல்வங்களே என்று பேனர் வைத்தார்கள். சுகந்தி வீட்டுப் பட்டறையிலேயே பதினைந்து வருடமாகத் தறி பார்க்கும் வளர்மதி, அவள் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருக்கலாம். அன்றிலிருந்து சுகந்தி அந்த நாற்சந்தி வழியாகப் போவதை விட்டு, சுடுகாட்டுப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போனாள்.

இதற்கு நடுவில் அவளுக்கு ஒரு நல்லதும் நடந்தது, அதுவும் அவளை வதைத்தது. சின்னுசாமி பேச ஆரம்பித்தார். அதுவரை நூலு, பாவு, சாப்பாடு என்று ஒற்றை ஒற்றை வார்த்தையாகக் கத்தியவர், இப்போது தறிகளுக்கு நடுவில் நடந்துகொண்டே சன்னமான குரலில் நீளமாகப் பேசினார். இளவயதில் பம்பாய்க்கு ஓடிப்போய் எட்டு மாதம் ஓட்டலில் மாவாட்டியதைச் சொன்னார். அவள் பிறந்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவின் அமைதி தாங்காமல், வெளியே போய் லாரி ஓடுகிற ரோட்டில் நின்றதைச் சொன்னார். இதெல்லாம் தனக்கு எங்கிருந்து கிடைக்கிறது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் கேட்டாள், இன்னும் சொல்லுங்கப்பா என்றாள்.

ஆல்பம் வெளிவந்து நாலாவது மாதம், ஒரு புதன்கிழமை பதினோரு மணிக்கு வளர்மதியின் கை மூன்றாம் தறியில் மாட்டிக்கொண்டது. காலையில் ரிப்பன் நைந்து விழுந்திருக்கிறது. நின்றிருந்த தறியைச் சின்னுசாமி ஓட்டிவிட்டு டீக்குப் போயிருக்கிறார். இன்னும் நிற்கிறது என்று நினைத்து, பக்கத்துத் தறியில் கண்ணை வைத்துக்கொண்டே, அறுந்த நூலை எடுக்க வளர்மதி கையை விட்டிருக்கிறாள். வலது கையில் இரண்டு விரல் போயிற்று. அவள் கத்தியதை ஊரே கேட்டது. எட்டாயிரம் தறி ஓடிக்கொண்டிருந்த ஊரில் ஒருத்தி கத்தியது கடைசித் தெரு வரைக்கும் கேட்டது.

சின்னுசாமி ஆறு தறியையும் நிறுத்திவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்தவர், இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை, பேச்சும் நின்றுபோயிற்று. மூன்றாம் நாள் சுகந்தி பாலம் தாண்டி ஆஸ்பத்திரிக்குப் போனாள். பெண்கள் வார்டில், ஜன்னலோரக் கட்டிலில், கட்டுப் போட்ட கையைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு வளர்மதி உட்கார்ந்திருந்தாள். அவள் புருஷன் டிபன் வாங்கப் போயிருந்தார். வாங்கி வந்த ஆப்பிளைக் கையில் வைத்துக்கொண்டே சுகந்தி எல்லாவற்றையும் சொன்னாள், கரண்ட் வந்தது, நிறுத்தாமல் அடித்தது, இலியாஸ் கடையில் கேட்டது, தெரிந்தே வெளியிட்டது, லட்டு வாங்கித் தின்றது எல்லாவற்றையும். 

வளர்மதி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படியே கேட்டாள்.

"அதைத் திரும்பக் கொண்டாந்து உட முடியுமா அம்மிணி?"

"தெரியலீங்க அக்கா."

"செஞ்சு பாத்தியா?"

 நாலு மாதத்தில் சுகந்தி பயந்திருக்கிறாள், ஒளிந்திருக்கிறாள், சுற்றுவழியில் நடந்திருக்கிறாள், சாமியிடம் வேண்டியிருக்கிறாள். அது ஒன்றைத்தான் செய்திருக்கவில்லை.

"இல்லீங்க அக்கா" என்றாள்.

வளர்மதி அழவுமில்லை, வையவுமில்லை. "சத்தம் எனக்கு என்ன சொந்தக்காரியா, வேணும் வேணும்னு அழுகறதுக்கு? எது ஓடுது, எது நிக்குதுன்னு எனக்குத் தெரியணும். இந்தக் கையோட நான் அங்கதான் வேலைக்கு வரோணும்" என்றாள். பிறகு அந்த ஆப்பிளைக் கீழே வைக்கச் சொன்னாள்.

மண்டபத்தில் ஊர் கூடியபோது சுகந்தி மைக் இல்லாமலே பேசினாள். சத்தம் போன ஊரில் அது எல்லாருக்கும் கேட்டது. கேட்டவர்களில் பாதிப் பேர் நம்பவில்லை, நம்பியவர்களிலும் பாதிப் பேர் சத்தம் வேண்டாம் என்றார்கள். இப்போதுதான் பிள்ளைகள் நாலு வார்த்தை படிக்கிறார்கள் என்றார் ஒரு வாத்தியார். இப்போதுதான் என் மாமியாருக்கு நான் சொல்வது கேட்கிறது என்றாள் ஒரு மருமகள். ஊர்ப் பேர் உலகமெல்லாம் தெரிகிறபோது அதைக் கெடுத்துக்கொள்வதா என்று இளவட்டங்கள் எழுந்து நின்றார்கள்.  எதைச் செய்தாலும் யாருக்காவது கெடுதல் செய்துவிடுவோம் என்று சுகந்திக்குத் தோன்றியது. அப்போது சின்னுசாமி எழுந்தார். தீர்மானம் எதுவும் சொல்லவில்லை. நாளையிலிருந்து என் பட்டறையில் தறி ஓடாது, யார் விரலையாவது எடுக்கிற தறியை என்னால் ஓட்ட முடியாது என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். பின்வரிசையில் தறி பார்க்கிற பெண்கள் இருநூறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருத்தி எழுந்து நாங்களும் வரமாட்டோம் என்றாள். மற்றவர்களும் ஒவ்வொருத்தியாக எழுந்து நின்றார்கள். சத்தம் போன அதே விதமாக, அடுத்த பராமரிப்பு நாளில் கரண்ட் வரும் நேரத்தில் எட்டாவது பாட்டை மறுபடி வாசித்துப் பார்ப்பது என்று முடிவாயிற்று.

மகுடபதி வரமாட்டேன் என்றான். மைதானத்து நிகழ்ச்சிக்கு இன்னும் பதினெட்டு நாள்தான் இருந்தது. என் ஆயுசுக்கும் ஒரு தடவை எனக்கு இது நடந்திருக்கிறது, அதை நீ பிடுங்கப் பார்க்கிறாய் என்று போனில் சொன்னான். சுகந்தி அவனோடு வாதாடவில்லை, ஏனென்றால் அவன் சொன்னது பொய்யில்லை. ஆனால் அந்த நாள் பகல் இரண்டு மணிக்கு, பள்ளிக்கூட வேனைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு, கிடாரைத் தோளில் மாட்டிக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் பட்டறைக்குள் வந்து தன் இடத்தில் நின்றான்.

சத்தம் போனதிலிருந்து கரண்ட் நின்றதும் தறியை அணைத்துவிடப் பழகியிருந்த ஊருக்கு, அந்த ஒரு நாள் மட்டும் எல்லாத் தறிகளையும் ஓடுகிற நிலையிலேயே விட்டு வைக்கும்படி சொல்லியிருந்தது. பட்டறை வாசலில் ஆட்கள் நெருக்கிக்கொண்டு நின்றார்கள், கட்டுப் போட்ட கையோடு வளர்மதியும் நின்றாள். நாலே முக்காலிலிருந்து எட்டாவது பாட்டைத் திரும்பத் திரும்ப வாசித்தார்கள். ஐந்துக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது கரண்ட் வந்தது. குழல்விளக்கு எரிந்தது, ஆறு தறியும் ஓடின, புதிதாகக் கட்டிய ரிப்பன்கள் ஆடின, சத்தம் இல்லை. பாட்டு உச்சத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. அவள் அடிக்க அடிக்க, ஓடுகிற தறிகளின் அடி ஒவ்வொன்றும் தன் அடிக்குள் வந்து அடங்குவதைக் கை வழியாக உணர்ந்தாள். அன்றைக்கும் இப்படித்தான் நடந்தது என்று அப்போது புரிந்தது. தறிக்கு அவள் இடமே விடவில்லை. தறி அடிக்க வேண்டிய இடத்திலெல்லாம் அவள் அடித்துவிட்டாள்.

பாட்டின் நடுவில், அடுத்த அடி விழ வேண்டிய இடத்தில், சுகந்தி குச்சிகள் இரண்டையும் மடியில் வைத்தாள். ஏழு வயதிலிருந்து பீப்பாய் தட்டியவள் ஒருநாளும் நடுவில் நிறுத்தியதில்லை. அடிக்க எழுந்த கைகளை முழங்காலுக்கு நடுவில் வைத்து இறுக்கிக்கொண்டாள். இலியாஸ் அவளைப் பார்த்தான், பார்த்துவிட்டு நிறுத்தினான். மகுடபதியின் கிடார் மட்டும் தனியாக இழுத்துக்கொண்டு நின்றது. அவன் கண்ணை மூடிக்கொண்டிருந்தான். அந்த ஒற்றை நாதம் மெலிந்து மெலிந்து போய்க்கொண்டே இருந்தது, போகவில்லை. பிறகு அவன் உள்ளங்கையைக் கம்பிகள் மேல் வைத்து அடக்கினான்.

ஒன்றுமில்லை. வாசலில் யாரோ தும்மியது கேட்டது. ரிப்பன்கள் ஆடிக்கொண்டிருந்தன.  அப்போது மூன்றாம் தறியிலிருந்து ஒரு அடி, நொண்டியபடி வந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று, பக்கத்துத் தறி, பக்கத்து வீடு, பக்கத்துத் தெரு, அப்புறம் எண்ண முடியாதபடி ஊர் மொத்தமும் ஒன்றாக. வாசலில் நின்றவர்கள் ஏதேதோ சொன்னார்கள், வாய் அசைவது மட்டும் தெரிந்தது. வளர்மதி உள்ளே வந்து, தறிகளுக்கு முதுகைக் காட்டி நின்று, கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, இடது கையை நீட்டி ஐந்தாம் தறியைக் காட்டினாள். சின்னுசாமி போய்ப் பார்த்தார். நூல் அறுந்திருந்தது.

அந்த நிமிஷத்திலிருந்து உலகத்தில் எங்கே யார் நாடாவைக் கேட்டாலும் மூன்று பேர் வாசிப்பது மட்டும்தான் கேட்டது. ஏமாற்று என்று வைதவர்கள் நிறைய. மைதானத்து நிகழ்ச்சி ரத்தாகி, ஒரு வருடம் கழித்து ஒரு சின்ன அரங்கத்தில் நடந்தது. முன்னூறு பேர் வந்தார்கள், அவர்களுக்காக வாசித்தார்கள். மகுடபதி சுகந்தியோடு மறுபடி பேச ஏழு மாதம் ஆயிற்று. வளர்மதியின் வேலைக்கு ஏற்றபடி தறியின் கைப்பிடியை இடது பக்கம் மாற்றிக் கொடுத்தார் சின்னுசாமி. அவர் பம்பாய்க் கதையில் மிச்சம் என்ன இருந்தது என்பதை, கத்திச் சொல்ல முடியாத கதை என்பதால், சுகந்தி கடைசிவரை கேட்கவில்லை.

ஆனால் அன்று சாயங்காலம் இதெதுவும் அவளுக்குத் தெரியாது. டிரம்ஸின் பின்னால் அப்படியே உட்கார்ந்திருந்தபோது, பையிலிருந்த போன் அதிர்ந்தது. நிவேதன். மூன்று மாதமாக அந்தப் பெயர் திரையில் வந்தாலே போனைக் கவிழ்த்து வைத்துவிடுவாள். எடுத்துக் காதில் வைத்தாள். அந்தத் தழைந்த குரல் எங்கேயோ, ஆற்றுக்கு அடியிலிருந்து வருவது போல வந்தது. பாட்டு என்றது, என்ன ஆச்சு என்றது, வக்கீல் என்றது, மற்றது எதுவும் விளங்கவில்லை. அவர் இன்னும் உரக்கப் பேசினார், அப்போதும் விளங்கவில்லை. சுகந்தி இன்னொரு காதைப் பொத்திக்கொண்டு, பிறந்ததிலிருந்து அந்த ஊரில் எப்படிப் பேசினாளோ அப்படி, அடிவயிற்றிலிருந்து குரலெடுத்துச் சொன்னாள்:

"ஒண்ணும் கேக்கலீங்க. இங்க தறி ஓடுது."